சூடாக இருந்த பானெட்

இன்று காலை பாகலூர் சாலையில் ஒரு பழைய காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உன் மகள் நின்றிருந்தாள். அவளுக்காகத்தான் அந்தக் காரைப் பார்க்கப் போயிருந்தோம்.

உன் சிவப்புக் காரைப் பார்க்கப் பெங்களூர் போனபோதும் நான்தான் கூட வந்தேன். பத்து வருடம் ஓடிய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார், புதிய சின்னக் காரின் விலைக்கு. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றதற்கு, "பதினெட்டு வருசமா மெஷின் ஓட்றோம், நம்ம காதுக்குத் தெரியாதாடா?" என்று சிரித்தாய். ஆறிக் கிடந்த மெஷினை முதல் ஷிஃப்டில் கிளப்பும்போதுதான் அதன் நோய் வெளியே வரும். அது நம் இருவருக்கும் பாலபாடம். பானெட்டைத் தொட்டேன். நோய் தெரியாமலிருக்க, விற்கிறவர்கள் நாம் வருவதற்குள் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார்கள். சொல்ல வாயெடுத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்று தலையாட்டினேன். கோழை நான்.

அப்புறம் அது உன்னை உரித்தெடுத்தது. நான்கு டயருக்கு ஒரு வருட போனஸ் போனது. கர்நாடகப் பதிவெண்ணை இங்கே தமிழ்நாட்டுக்கு மாற்ற வரி. ஒரு சென்சார் வருவதற்காக மூன்று வாரம் ஷெட்டில் கிடந்தது. நீ கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த மே மாத ஞாயிறு. மகளுக்குக் கிருஷ்ணகிரியில் நுழைவுத் தேர்வு; நானும் கூட வந்தேன். ஒன்றரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். மேம்பால வேலையில் லாரிகள் ஊர்ந்ததில் முக்கால் மணி நேரம் போயிருந்தது. சூளகிரி தாண்டியதும் கூலன்ட் கசியும் அந்த இனிப்பு வாசனை. சூடு காட்டும் முள் ஏறியது. எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுக்கட்டும் என்று நீ ஹீட்டரை முழுதாகத் திருப்பினாய். அந்த வெயிலில் அனல் முகத்தில் அடித்தது. பின்சீட்டில் அவள், வியர்வை படாமல் ஹால் டிக்கெட்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

"நிறுத்துடா, எஞ்சின் பூடும்!"

"போவட்டும். கேட்ட மூடிட்டா அவளுக்கு ஒரு வருசம் பூடும்டா."

முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டது. நான் முள்ளையே பார்த்தேன். நீ சாலையை மட்டும் பார்த்தாய். கேட்டுக்கு நூறடி முன்னால் எஞ்சின் கடகடவென்று அடித்து, இறுகி நின்றது. அவள் இறங்கி ஓடினாள். அவள் உள்ளே போனதும் கேட்டை மூடினார்கள். நீ பானெட்டைத் தொட்டு, சுட்டுக்கொண்டு, கையை உதறிச் சிரித்தாய். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். மறு தை மாதம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று, "வேணாம்மா, சூடேத்தி வெச்சிருக்கறாங்க" என்றேன்.

"அப்பா காரயும் இப்டித் தொட்டுப் பாத்தீங்களா மாமா?"

அவளிடமும் பொய் சொல்ல முடியவில்லை. "பாத்தேன்மா. சூடாத்தான் இருந்துச்சி. சொல்லாம உட்டுட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவும் தொட்டாராம் மாமா, எங்கிட்ட சொல்லிருக்காரு. நீங்க எங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கினே இருந்தாராம்."

அடப் பாவி. அத்தனை நாள் பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாயே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நானும்தானே சொல்லவில்லை.

நாளைக் காலை ஜூஜுவாடியில் வேறொரு கார் பார்க்கப் போகிறோம். நாங்கள் வந்து தொட்டுப் பார்க்கும்வரை சாவி போடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.