நீங்கள் கடைசியாகப் பூட்டிய குழல்

இஞ்சாருங்கோ,

இன்று காலை இரும்பு அலுமாரியைத் திறந்ததும் துவக்கெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. வீட்டில் உங்கள் மணம் என்று வேறெதுவும் மிச்சமில்லை. உங்கள் உடுப்புகளை அவசரப்பட்டுத் தோய்த்துவிட்டேன். முட்டாள் வேலை. துவக்கையே பிடிக்காத மனிதரின் மணம் துவக்கு அலுமாரிக்குள் கிடக்கிறதே என்று சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

துவக்கின் வாயில் நீங்கள் பூட்டிய சோக் குழல் அப்படியே இருந்தது. விரல் நீளம்தான். ஆனால் சன்னங்கள் விரிந்து பறப்பதா, நெருங்கிப் பறப்பதா என்று தீர்மானிப்பது அதுதான். கிட்டத்துக்கு அகலமானது, தூரத்துக்கு ஒடுங்கியது. வாழ்நாளில் ஒரு வெடிகூட வைக்காத நீங்கள், இதில் பெரிய நிபுணராகிப் போனீர்கள்.

வுப்பர்டாலுக்கு வெளியே, காட்டோரத்துச் சுடுகழகத்தின் சமையலறைக்கு நான் வேலைக்குப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்து முடித்த கையோடு விளையாட்டாக ஒருவரின் துவக்கைக் கையில் வாங்கி, குறிக்கென்று வானத்தில் வீசிவிட்ட மண்தட்டை முதல் வெடியிலேயே உடைத்தேன். அதோடு பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஜெர்மன் மொழியில் சோதனை எழுதி, அனுமதி எடுத்து, சொந்தத் துவக்கும் வாங்கினேன். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஊரில் துவக்குப் பிடித்தவர்கள் உங்களை இரண்டு தரம் சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து என்னை அங்கே இறக்கிவிட்டு, கார்க் கண்ணாடிகளை ஏற்றி, வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பீர்கள். தெரிந்தும் நான் போனேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு குழல் காருக்குள் விழுந்து உருண்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஆசனத்துக்கு அடியிலிருந்து அதை எடுத்து, திருகிப் பூட்டும் புரியை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தீர்கள். தொழிற்சாலையில் இருபது வருடம் இரும்பு கடைந்த கண் அல்லவா.

"ஆர் கடைஞ்சது இதை? அந்த மாதிரி மரை" என்று வியந்தீர்கள்.

"உங்களுக்குத்தான் துவக்கெண்டால் ஆகாதே" என்று சீண்டினேன்.

"எனக்குத் துவக்கைத் தெரியாது. மரையைத் தெரியும்."

அடுத்த ஞாயிறு காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு காரை விட்டு இறங்கிவிட்டீர்கள். முதல் வெடிக்கு உங்கள் தோள் துடித்ததை நான் பார்த்தேன். பார்க்காதது போல நின்றேன்.

பிறகு எங்கள் வரவேற்பறை பட்ட பாடு! சுவரில் ஒட்டி மிஞ்சிய கடதாசிச் சுருளை வெட்டி, கழகத்தில் அதன்மேல் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு வெடி வைக்கச் சொல்லுவீர்கள். துளை விழுந்த கடதாசிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நிலத்தில் விரித்து, நூலில் பென்சிலைக் கட்டி வட்டம் போட்டு, முழங்காலில் நின்று எண்ணுவீர்கள். தேநீரோடு வந்தால், "கதைக்காதேயும், எண்ணுறன்" என்று ஒரு அதட்டல். அரை ஒடுக்கம் என்று அச்சடித்திருந்த குழல் எங்கள் தோட்டாவுக்கு முக்கால் ஒடுக்கம் போல நடப்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அன்று முழுக்க ஒரு மிதப்பில் திரிந்தீர்கள்.

இலையுதிர் காலத்தில் கழகத்து வேட்டைக்காரர்கள் உங்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். தாரா வாத்துக்கு எதைப் போட, முயலுக்கு எதைப் போட என்று கேட்பார்கள். எவ்வளவு தூரம், என்ன சன்னம் என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். பற்றைக்குள் பாயும் முயலுக்கு அகலமானது. நாணலுக்கு மேலே எழும்பும் தாராவுக்குக் கால் ஒடுக்கம். நீர்க்கரையில் ஈயம் கூடாது, இரும்புச் சன்னத்தை முழு ஒடுக்கத்துக்குள்ளால் விட்டால் துவக்கின் வாய் கெட்டுப்போகும் என்று உங்கள் உடைந்த ஜெர்மன் மொழியில் எச்சரிப்பீர்கள். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, "சுடுறவன் தூரத்தைச் சொல்லமாட்டான், தன்ர வீரத்தைத்தான் சொல்லுவான்" என்பீர்கள்.

கடைசி ஞாயிறு பனிப்புகார் மூட்டமாக இருந்தது. "இண்டைக்குத் தட்டு கிட்டத்தாலதான் குறுக்க போகும், அகலம் காணும்" என்று சொல்லி இந்த அகலக் குழலைப் பூட்டினீர்கள். புதன்கிழமை தொழிற்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், எழும்பவேயில்லை.

ஒரு வருடம் அலுமாரியைத் திறக்கவில்லை. "வித்துப்போட்டு இங்க வாங்கோ அம்மா, தனிய அங்க என்ன செய்யிறியள்?" என்று மகள் ஹனோவரிலிருந்து ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாள். பாப்பம் என்கிறேன். பிறகு கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒழுங்காக வந்து சுடாவிட்டால் அனுமதி போய்விடும், துவக்கையும் கொடுத்துவிட வேண்டும்.

போனேன். இப்போது அங்கே தூர ஓடும் தட்டுகள்தான் விடுகிறார்கள். உங்கள் அகலக் குழலால் சுட்டால் சன்னங்கள் சிதறிப்போகின்றன. தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுகிறது. மேற்பார்வை பார்க்கும் நரைமீசைக்காரர் குழலை மாற்றச் சொன்னார். சிக்கிவிட்டது, கழற்ற முடியவில்லை என்று பொய் சொன்னேன். அடுத்த ஞாயிறும் அதே பொய். மூன்றாம் ஞாயிறு அவர் இரக்கத்தோடு, "அடுத்த முறை நானே துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோகிறேன். அவருக்கு இரண்டு நிமிட வேலை" என்றார்.

என்னால் அது தாங்க ஏலாது. நீங்கள் இறுக்கிய போத்தல் மூடிகளையெல்லாம் திறந்துவிட்டேன். தண்ணீர்க் குழாயும் மாற்றியாயிற்று. உங்கள் கை கடைசியாக இறுக்கியது என்று இந்த வீட்டில் இருந்தது இது ஒன்றுதான். அதை வேறொருவர் கழற்றுவதா?

அதனால்தான் இன்று காலை தோட்டா போடாத துவக்கை மேசையில் வைத்து, கழற்றும் சாவியையும் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினேன். சாவி தேவைப்படவில்லை. இரண்டு விரலால் தொட்டதும் சுழன்று வந்துவிட்டது. மரை முழுக்கச் செம்பு நிறக் கிறீஸ் மெல்லிசாகப் பூசியிருந்தீர்கள். இன்னும் காயவில்லை. கழற்றும்போது எனக்குக் கை நோகக் கூடாது என்று.

முக்கால் ஒடுக்கத்தைப் பூட்டிக்கொண்டு போய், பாதிக்கு மேல் உடைத்தேன். வந்து சுட்டதற்கு நரைமீசைக்காரர் கையெழுத்துப் போட்டார். காருக்குத் திரும்பி வந்தேன். உள்ளே வானொலி பாடவில்லை.

உங்கள் குழல் இப்போது என் கோட்டுப் பையில் கிடக்கிறது. பையில் கை விடும்போதெல்லாம் விரலில் கிறீஸ் ஒட்டுகிறது, துடைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் எனக்குச் சுலபமாக்கிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். இதையாவது கொஞ்சம் இறுக்கிப் பூட்டியிருக்கக் கூடாதா, இஞ்சாருங்கோ?