சொல்லிவிடாத சாவும் ஹாலோங் படகும்

ஏப்ரல் 4, சனி. செம்பூர்

காலையிலேயே புழுக்கம். பெட்டி அடுக்கி முடிப்பதற்குள் குர்தா முழுக்க ஈரம்.

எடுக்க வேண்டியவை: அடாப்டர், கறுப்பு பேன்ட் இரண்டு, முட்டிவலி மாத்திரை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, விசா நகல்கள்.

நாளை நான் மட்டும் கிளம்புகிறேன். வியட்நாமில் ஹைபோங் என்ற துறைமுக ஊர். எங்கள் ஐரோலி ஆபீஸ் செய்த மென்பொருளை அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் வியாழக்கிழமை ஓட விட வேண்டும். இவரும் மகள் அபியும் வியாழன் இரவு இங்கிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். அதன் பிறகு ஐந்து நாள் என் சொந்த லீவு. ஹாலோங் கடலில் படகு. பிறகு ஹனோய்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் சுற்றுலா. தாராவி ஹார்டுவேர் கடையை இவரும், நான் அத்தான் என்று கூப்பிடும் இவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துகிறார்கள். கடை மூடுவது என்ற பேச்சே கிடையாது. முன்பெல்லாம் கோயில் கொடைக்காவது ஊருக்குப் போவோம். பங்காளிச் சண்டைக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

மாலையில் கடைக்குப் போய் அத்தானிடம் சொல்லிக்கொண்டேன்.

"வியட்நாமா? அங்க சண்ட முடிஞ்சிட்டா?"

"அது முடிஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு அத்தான்."

"அப்பஞ்சரி. போய்ட்டு வாங்க. கடைய நான் பாத்துக்கிடுதேன். இவன் இருந்தாலும் நான்தான பாக்கேன்."

இவர் பைப் அளந்துகொண்டே சிரித்தார். அத்தான் மனைவி ஜெயக்கா, அபியிடம் முறுக்கு கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். வியாழக்கிழமை சுட்டால்தான் நமத்துப்போகாதாம்.

ஏப்ரல் 7, செவ்வாய். ஹைபோங்

தூறல். விடாத தூறல். குடை வாங்கினேன், ஹோட்டலில் வைத்துவிட்டு வந்தேன்.

கிடங்கில் எல்லாம் நன்றாக இருக்கிறது, லேபிள் தவிர. நாங்கள் வைத்த இடத்தில் அவர்கள் ஒட்டுவதில்லை. அவர்கள் ஒட்டுகிற இடத்தில் ஸ்கேனர் படிப்பதில்லை. ஹான் என்ற பெண் என்னோடு வேலை செய்கிறாள். எதைச் சொன்னாலும் "ஓகே சிஸ்டர்" என்கிறாள். அது சம்மதமா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆபீஸில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மேஜைக்கு அடியில் பாய் விரித்து எல்லோரும் தூங்குகிறார்கள், மேனேஜர் உட்பட. நான் மட்டும் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஐரோலியில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இவர் போன். அபி வற்புறுத்தி அரை டிராயர் வாங்க வைத்திருக்கிறாள்.

"நம்ம ஆளு யாராச்சும் பாத்துட்டா?"

"வியட்நாம்ல யாரு பாக்கப் போறா?"

"தாராவிக்காரன் எங்க வேணாலும் இருப்பான்."

போட்டோ அனுப்பினார். கடையில் கண்ணாடி முன் அரை டிராயரோடு, விறைப்பாக, பாஸ்போர்ட்டுக்கு நிற்பது போல. ஆடுசதை ஒருபோதும் வெயில் படாத நிறம். இரண்டு முறை பார்த்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

காலைச் சோதனை ஓட்டம் சரி. மாலை நாலு மணிக்கு முழுக் கிடங்கும் புதிய மென்பொருளுக்கு மாறுகிறது.

மத்தியானத் தூக்க நேரம். விளக்குகள் அணைந்ததும் வராந்தாவுக்கு வந்து ஜெயக்காவுக்குப் போன் போட்டேன். சும்மா.

"முறுக்கு ஆச்சா அக்கா?"

"இல்லம்மா. எண்ணெச் சட்டி வைக்கக் கூடாதுல்லா."

பங்காளி வீட்டில் சாவு என்றால்தான் நாங்கள் எண்ணெய்ச் சட்டி ஏற்றுவதில்லை.

"யாருக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. தெரிஞ்சா உங்க அத்தான் என்னயக் கொன்னுபுடுவாவ."

"யாருக்கா?"

"சித்தப்பா."

இவருடைய அப்பாவின் தம்பி. நேற்று சாயங்காலம், ஊரில். மகன் குமார் துபாயிலிருந்து வர வேண்டும் என்பதால் நாளை மத்தியானம்தான் எடுக்கிறார்கள். அங்கிருந்து யாரும் போன் செய்யவில்லை. சொந்தக்காரப் பையன் ஒருவன் மாலை போட்ட படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்ததை அத்தான் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை ஜெயக்கா அப்படியே சொன்னாள்: "சொல்லிவிட்டாத்தான் எழவு. ஸ்டேட்டஸப் பாத்துட்டு எழவுக்குப் போறவன் எவனாச்சும் உண்டா? தம்பிட்ட மூச்சு விடாத. மொத மொதல்ல பொண்டாட்டி புள்ளையோட வெளிய கெளம்புதான். போய்ட்டு வரட்டும்."

வீம்பு பாதி, பாசம் பாதி. எது எங்கே முடிகிறது என்று அத்தானுக்கே தெரியாது.

சண்டை ஒரு கல்யாணப் பத்திரிகையால் வந்தது. அத்தான் மகள் கல்யாணம். மாட்டுங்காவில் அச்சடித்தார்கள். அடைத்து அடைத்துப் பெயர் போட்டதில் சித்தப்பாவின் பெயர் அத்தானுடைய மச்சினர்களுக்குக் கீழே போய்விட்டது. சித்தப்பா கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். மடித்து அத்தான் கையிலேயே கொடுத்தார். கல்யாணத்துக்கு வரவில்லை. அத்தான் திருத்தி அடிக்கவில்லை. அதோடு போக்குவரத்து, பேச்சு எல்லாம் நின்றது. இவர் அண்ணன் பக்கம் நின்றார். நிற்காமல் தினமும் அந்தக் கடையில் எப்படி நிற்பது.

ஆனால் மாமனார் இறந்தபின் இரண்டு பையன்களையும் பம்பாய்க்குக் கூட்டி வந்தது சித்தப்பாதான். தாராவி லேபர் கேம்ப்பில் ஒரே அறை. இவர் அவருடைய முதுகை ஒட்டித்தான் படுப்பாராம். குறட்டை கேட்டால்தான் தூக்கம் வருமாம்.

இதையும் எழுதுகிறேன். சொல்லாமல் விடத்தான் முதலில் நினைத்தேன். எனக்குத் தெரியும் என்று ஜெயக்கா யாரிடமும் சொல்ல மாட்டாள். ஐந்து நாள்தானே. பிறகு தெரிய வரும்போது "எனக்கும் தெரியாதுங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். கழிவறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அந்த அரை டிராயர் போட்டோவை எடுத்தேன். மேலே தேதி இருந்தது. படகில் எடுக்கப்போகும் படங்களிலும் தேதி இருக்கும். அவர் சிரித்துக்கொண்டிருப்பார். இன்னொரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார், சித்தப்பா சாம்பலான மறுநாள் நான் எங்கே நின்றேன் என்று.

போன் போட்டேன். கடையில் இருந்தார்.

"கொஞ்சம் வெளிய வாங்க."

சொன்னேன். ஆட்டோ ஹார்ன் சத்தம் மட்டும். பிறகு, "யாரு சொன்னா?"

"ஸ்டேட்டஸ்ல பாத்தேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவங்ககிட்டயே கேளுங்க."

"நாளைக்குத்தான எடுக்காங்க?"

"மத்தியானம். மதுரைக்கு சாயங்காலம் ஃப்ளைட் இருக்கு. பாத்து வச்சிருக்கேன்."

"நீ ஆசப்பட்டியே."

"அபி வரட்டும். பதினெட்டு முடிஞ்சாச்சு, தனியா வருவா."

சரி என்றார். எனக்கு வருத்தமா என்று கேட்கவில்லை.

நாலு மணிக்கு மென்பொருள் ஓடியது. ஒரு பெட்டி மட்டும் இரண்டு முறை பதிவானது. ஹான் எல்லோருக்கும் கரும்புச்சாறு வாங்கினாள்.

ஏப்ரல் 10, வெள்ளி. ஹனோய்

அபி வந்துவிட்டாள். முதுகுப்பை ஒன்று, காதில் இயர்போன். விமானத்தில் பக்கத்து இருக்கை காலி, காலை நீட்டிக்கொண்டு வந்தாளாம். அது அவள் அப்பாவின் இருக்கை.

"அம்மா, யாரு செத்தது? வோ கல்யாணக் கார்டுவாலா தாத்தாவா?"

"ஆமா."

"ஒரு பேரு கீழ போனதுக்கா இத்தன வருசம்? சீரியஸ்லி?"

பசிக்கிறதா என்று கேட்டேன்.

சாயங்காலம் இவர் போன். குரல் கட்டியிருந்தது. பொறுமையாக, ஒன்று விடாமல் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றியபோது சித்தி நிமிர்ந்து பார்த்தாளாம்.

"பத்திரிக்க வச்சாத்தான் வருவியோன்னு நெனச்சேன்."

அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்களாம். இவர் போய் முகம் பார்த்தார். பிறகு தெருவில் லைட் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டார். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் பங்காளிகளைக் கூப்பிட்டார்கள். குடம் ஏந்திப் போகிற அந்த வரிசையில் பங்காளிகளுக்கு மட்டும்தான் இடம். இவர் நகரவில்லை. பேர் சொல்லி யாரும் கூப்பிடாமல் எப்படி நகர்வது. குமார் ஈர வேட்டியோடு வந்தானாம்.

"என்னண்ணே இங்க நிக்கீய? கொடத்த எடுங்க."

எடுத்தார். வெள்ளை வேட்டியை நாலு பேர் விரித்துப் பிடிக்க, அடியில் நடந்தார். "குமாருக்கு அடுத்து நான்தான்" என்றார். இதை இரண்டு முறை சொன்னார். பிறகு, "வைக்கேன். புள்ளையப் பாத்துக்கோ."

ஏப்ரல் 11, சனி. ஹாலோங்

வெயில் வந்துவிட்டது. தண்ணீர் பச்சை. கடலிலிருந்து பாறைகள் நேராக எழுந்து நிற்கின்றன, தலையில் செடிகளோடு. அழகுதான். படகில் பதினாறு பேர். புனேயிலிருந்து ஒரு குடும்பம், பரோடாவிலிருந்து ஒரு குடும்பம். புனே அம்மாள், "மிஸ்டர் நஹீ ஆயே?" என்றாள். அவருக்கு வேலை, வரவில்லை என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. எனக்கும் அபிக்கும் சேர்த்துத்தான். கடை திறக்கலாம், ஆபீஸ் போகலாம். உல்லாசப் பயணம் கூடாது. ஜெயக்காவிடம் கேட்டதற்கு, "நீ கடல் தாண்டிப் போயிட்டல்லா, அங்க வரைக்கும்லாம் தீட்டு எட்டாது" என்றாள். அவளே கண்டுபிடித்த சட்டம். எடுத்துக்கொண்டேன்.

மதியம் அத்தான் போன். மேல் தளத்தில் காற்று, பாதி கேட்கவில்லை.

"கம்பியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. புள்ளைக்கு நீச்சல் தெரியாது." பிறகு, "உங்கிட்ட யாரு சொன்னா?"

"ஸ்டேட்டஸ்ல பாத்தேன் அத்தான்."

"ஆபீஸ் வேலைக்குப் போன எடத்துல ஸ்டேட்டஸ்தான் பாக்கியா? சொல்லிவிடாத எழவுக்குப் போயி மரியாதையத் தொலச்சிட்டான் உன் புருசன்."

நான் ஏதோ சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

எல்லாக் குடும்பங்களும் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான். ஐந்து நாள் கேட்டேன். ஐந்தே நாள். செத்துப்போனவர் மேல் எரிச்சல்படுவது நியாயமில்லை, ஆனாலும் பட்டேன். சாயங்காலம் அபியோடு சின்னப் படகில் குகைக்குள் போய்வந்தேன். அவள் துடுப்புப் போட்டாள். இரண்டு முறை பாறையில் இடித்தாள்.

ஏப்ரல் 13, திங்கள். ஹனோய்

ஸ்கூட்டர் வெள்ளம். சாலையைக் கடக்க ஒரே வழி, நிற்காமல் நடப்பது. அபிக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காபிக் கடையில் தரையோடு தரையாகக் குட்டி ஸ்டூல். உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டி விடவில்லை.

"அம்மா, அப்பாகிட்ட சொன்னதுக்கு பச்தாவா இருக்கா?"

"ஏன் சொன்னோம்னு படகுல இருந்துச்சு. இப்ப இல்ல."

கொஞ்சம் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

வாங்கியவை: காபித்தூள், ஜெயக்காவுக்கு விசிறி. அத்தானுக்கு எதுவும் தோன்றவில்லை. கடைசியில் டார்ச் லைட்.

ஏப்ரல் 15, புதன். செம்பூர்

வீடு. தூசி. பால் இல்லை. இவர் நேற்றே ஊரிலிருந்து வந்துவிட்டார், பதினாறாம் நாளுக்கு மறுபடி போக வேண்டும். முழங்கையில் வெயில் கறுப்பு. அபி படங்களைக் காட்டினாள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். "தண்ணி இப்படியா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஊரில் நடந்ததை எனக்கு முதலிலிருந்து மறுபடி சொன்னார். சித்தி சொன்னது, குமார் சொன்னது, யார் யார் வந்தார்கள், எல்லாம்.

கடையில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லையாம். வாடிக்கையாளரை வைத்துத்தான் பேச்சு. "சேட், இவர்கிட்ட அரை இஞ்ச் எல்போ எங்க வச்சிருக்காருன்னு கேளுங்க" என்று அத்தான். "சேட், மேல் ரேக்குல இருக்குன்னு சொல்லுங்க" என்று இவர். வருகிறவர்களுக்கு முதல் நாள் சிரிப்பாக இருந்ததாம்.

நாளை ஐரோலி. இரட்டைப் பதிவு பற்றி ரிப்போர்ட் எழுத வேண்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வெக்கை. மத்தியானம் இருவருக்கும் சேர்த்துக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ரசம், துவையல், அவித்த காய். பொரியல், அப்பளம் இல்லை. டார்ச் லைட்டைக் கொடுத்தேன். அத்தான் இரண்டு முறை போட்டு அணைத்துப் பார்த்து டிராயரில் வைத்தார்.

கூட்டம் இல்லை. இவர் பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தான் ஒயர் கட்டு எடுக்க ஏணி வைத்துப் பரண்மேல் ஏறினார். பிறகு மேலிருந்து குரல். சேட் யாரும் கடையில் இல்லை.

"மெலிஞ்சிருந்தாவளா?"

இவர் டப்பாவைக் கீழே வைத்தார். "ரொம்ப."

"மீச?"

"இருந்துச்சு. முழுசா வெள்ளை."

"சாயம் போடுவாவளே."

"விட்டுட்டாவ போல."

மேலே ஏதோ நகர்த்துகிற சத்தம். நின்றது.

"என்னயக் கேட்டாவளாம்மா? கடேசில?"

அந்த "ம்மா" தம்பிக்கா எனக்கா என்று தெரியவில்லை. நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டாவளாம். சித்தி சொன்னா. பெரியவன் எங்கன்னு கேட்டாவளாம்."

எனக்கு எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னவர். இதை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

ஆணி கேட்டு ஒரு ஆள் வந்தார். நானே நிறுத்துக் கொடுத்தேன்.