சாயங்காலம் ஆசாரி வருவார்

என்னங்க,

சாப்பாடு சமையல் மேடையில் மூடி வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு என் தங்கை துணைக்கு வருகிறாள். நீங்கள் வர வேண்டாம். புற்றுநோய்க்காக எடுத்த மார்பின் இடத்தில் இன்று சிலிக்கோன் வைத்துத் தைக்கிறார்கள். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" என்று கேட்டீர்கள். கல்யாண வீட்டில் என் ரவிக்கைக்குள் வைத்த துணிப்பந்து நழுவியபோது நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டவர் நீங்கள்தான்.

உங்கள் அக்கா கேட்டால் குடலிறக்கம் என்று பொய் சொல்லாதீர்கள். மறைக்கும்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

பின்குறிப்பு: சாயங்காலம் ஆசாரி வருவார், கதவைத் திறந்துவிடுங்கள். மார்பை எடுத்த புண்ணின் கட்டைப் பிரித்த அன்றே பக்கத்து அறைக்குப் படுக்கப் போனீர்கள். குடும்ப மானம் கருதி அதைப் பிள்ளைகளிடம்கூட நான் சொல்லவில்லை. இனித் திரும்பி வரலாம் என்று நினைக்காதீர்கள். என் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கத்தான் ஆசாரி வருகிறார்.