கொலஸ்ட்ரால் இளக்கிய சவ்வு

1983 மே 9, திங்கள்

கத்திரி வெயில். காட்டூரிலிருந்து கல்லூரி வரை நின்றபடியே பஸ். கோடை விடுமுறை, ஆய்வகத்தில் நான் மட்டும்.

மாதிரிகளைச் சூடாக்கும் தண்ணீர்த் தொட்டியின் ஹீட்டர் எரிந்துபோய்விட்டது. வோல்டேஜ் எகிறியிருக்க வேண்டும். பரவாயில்லை என்று சூடாக்காமலே அளந்தேன். எல்லாம் தலைகீழ். இதுவரை, செயற்கைச் சவ்வில் கொலஸ்ட்ரால் சேர்த்தால் லிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளின் ஆட்டம் அடங்கும். இன்று கூடியிருக்கிறது. திரும்பத் திரும்ப அளந்தும் அதே.

வாங்க: சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி சோப்பு.

மே 10, செவ்வாய்

வழிகாட்டி சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"சீசா மாறிடுத்தாம்மா?"

"இல்லை சார்."

"அப்போ முன்னாடி எடுத்த அளவுல சீசா மாறியிருக்கணும். ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு தெரியாம ஆய்வேட்டுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

ஆய்வுக்காக எடுத்த விடுப்பு ஜூனில் முடிகிறது. மறுபடி வகுப்பெடுக்கப் போனால் ஆய்வு அவ்வளவுதான். லிப்பிட் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதக்கணக்காகும்.

வீட்டில் கணவர் அருள்: "என்ன ஜெசி, முகமே சரியில்லையே?" சொன்னேன். "நீ பொய் சொல்லலைல்ல? அப்புறம் என்ன பயம்?" எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். எரிச்சல். குளியலறையில் போய் அழுதேன்.

மே 11, புதன்

மாவு புளித்துவிட்டது. தோசை.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நேற்றுவரை நான் யோசித்ததெல்லாம் சீசாவைப் பற்றி. மாறியது சூடு அல்லவா! இந்த லிப்பிட் நாற்பத்தோரு டிகிரியில் இளகும். பழைய அளவுகள் ஐம்பதில், இளகிய நிலையில். திங்கட்கிழமை அளந்தது அறைச் சூட்டில், இறுகிய நிலையில். இரண்டுமே சரியாக இருக்கலாம். இருக்கலாம் மட்டும்தான்.

ஹீட்டர் வேண்டும். அருளிடம் சொன்னேன். "ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆளை வீட்லயே வெச்சுக்கிட்டு, முதல்லயே சொல்லக்கூடாதா?" சாயங்காலம் ஆய்வகத்துக்கே வந்து புதுக் கம்பிச்சுருள் மாட்டிக்கொடுத்தார். கையெல்லாம் கரி.

மே 13, வெள்ளி

மிச்ச லிப்பிட் முழுவதும் போட்டேன். பாதியில் கொலஸ்ட்ரால், பாதியில் இல்லை. காலையில் சூடாக்காமல் அளந்தேன்: கொலஸ்ட்ரால் இருப்பதில் ஆட்டம் அதிகம். அதையே ஐம்பதுக்குச் சூடாக்கினேன்: குறைவு. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

சார் வரவில்லை. உடனே ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் பஸ். வாசலிலேயே நின்று தாளை வெகுநேரம் பார்த்தார்.

"சூடு குறைஞ்சா லிப்பிட்டெல்லாம் நெருக்கியடிச்சுண்டு நிக்கறது. கொலஸ்ட்ரால் நடுவுல புகுந்து விலக்கி விடறது. சூடு ஏறி ஆடறச்சே, அதே கொலஸ்ட்ரால் பிடிச்சு நிறுத்தறது. ரெண்டும் சரிதாம்மா."

"சார்..."

"சூட்டைப் பத்தி முதல்ல கேட்டிருக்கணும். சீசாவைக் கேட்டேன். என் தப்பு. உள்ள வாங்கோ, மோர் சாப்பிடுங்கோ. வெளிநாட்டுக்காராளும் இதைப் பார்த்திருப்பா, லைப்ரரில தேடுவோம். நீங்க எழுத ஆரம்பிங்கோ."

திரும்பும்போது பாலத்தில் ஜன்னலோரம். காவேரியில் மணல்தான். ஆனாலும் காற்று. நெஞ்சிலிருந்து என்னவோ இறங்கியது.

மே 14, சனி

வெயில் ஏறும்வரை தூங்கினேன். அருள் எழுப்பவில்லை. முதல் பக்கம் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். சமையல் அருள். சாம்பாரில் உப்பு கரித்தது. அதைச் சொல்லாமல் இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டேன்.