எலும்போடு கிடந்த மோதிரம்

வெள்ளிக்கிழமை

இதெல்லாம் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். பாலையூற்றில் குழாய் பதிக்க வெட்டினால் எலும்பு வரும் என்றேன். போன கிழமை வந்தது, காலில் ஆமிச் சப்பாத்தோடு. வேலைக்குப் பொறுப்பான அதிகாரி அதை உரப்பையில் அள்ளிப்போட்டார். "ஐயா, அது நெல்லில்லை, ஒரு தாய் பெத்த பிள்ளை!" என்று நான் போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்காரரே திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில், விரலில் மோதிரமும் கண்டதாகச் சொன்னேன். அதைக் கேள்விப்பட்ட மனைவி, "இஞ்சேருங்கோ, காலமை என்னட்டச் சொல்லேக்க மோதிரம் இல்லையே!" என்று சிரித்தாள்.

இன்று மோதிரக் கதை கேட்டு, கந்தளாயிலிருந்து ஒரு சிங்களத் தாய் தேடி வந்தார். ஆமியில் இருந்து சண்டையில் காணாமல்போன மகன் மோதிரம் போட்டிருந்தவனாம். "மல்லி, தம்பி, நீங்க கண்டதுதானே?" என்று என் கையைப் பிடித்தார்.

"ஓம் அக்கா."

அழுதுகொண்டே சிரித்தார்.

உரப்பையில் மோதிரம் இல்லாததால், இப்போது அந்த அதிகாரி அதைத் திருடினார் என்று விசாரணை. உரப்பைக்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். அதை ஒருவரும் கேட்கவில்லை. திங்கள் கோட்டில் நான்தான் சாட்சி. கண்டேன் என்றால் அவருடைய உத்தியோகம் போகும். காணவில்லை என்றால் அந்த அக்காவின் மகன் திரும்பவும் காணாமல்போவான்.

சப்பாத்து மெய். உரப்பை மெய். மோதிரத்தை அந்த விரலில் போட்டது நான்.