கேட்கும் முன் வந்த பதில்

தூத்துக்குடி
4.8.2024

ஈவாஞ்சலினுக்கு,

எட்டு வருடம் பேசாமல் இருந்தது போதும் என்று எழுதுகிறேன். போனில் என்றால் முதல் நிமிடத்திலேயே என் குரல் உயர்ந்துவிடும், அதனால் கடிதம். அண்ணன் மனம் மாறிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும். நீ கம்ப்யூட்டர் டீச்சர். அவ்வளவுதான்.

எந்தக் கண்டெய்னர் பெட்டி எந்த யார்டில் கிடக்கிறது என்று கேட்டு எங்கள் ஷிப்பிங் ஆபீஸுக்கு நாளெல்லாம் போன் வரும். நம்பரைத் தட்டினால் யார்டின் பெயர் வருகிற மாதிரி நானே செய்துதருகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், சிரித்தான். கணக்கில் எம்.எஸ்சி. வாங்கியவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். உன் மாமனார் அதில் முதல் ஆள்.

பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி ஓரளவு வருகிறது. அதில் ஜன்னல், பொத்தான் எல்லாம் போட டிகின்டர் என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஜன்னல் வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது. எழுதிய எட்டு வரியும் பின்பக்கத்தில்.

சா. தேவபிரசாதம், எம்.எஸ்சி.


ஓசூர்
11.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உறையில் உங்கள் எழுத்தைக் கண்டதும் பயந்துவிட்டேன். கடைசியாக நான் பார்த்தது குருவானவருக்கு நீங்கள் கொடுத்த ஆட்சேபனைக் கடிதம். கோவிலில் இரண்டு ஞாயிறு வாசித்த எங்கள் கல்யாண ஓலை, மூன்றாம் ஞாயிறு உங்கள் கையொப்பத்தால் நின்றது. பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸில்தான் எல்லாம் முடிந்தது. சரி, பழசு வேண்டாம்.

உங்கள் எட்டு வரியில் தப்பே இல்லை. ஒன்பதாவது வரிதான் இல்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னீர்கள். யாராவது வந்து தொடும்வரை காத்திரு என்று சொல்லவில்லை. அதைச் சொல்வதுதான் மெயின்லூப். கடைசி வரியில் அதைக் கூப்பிடுங்கள், நீங்களாக மூடும்வரை நிற்கும்.

பெனிஸ்டனிடமும் கடிதத்தைக் காட்டினேன். "ஒங்க அண்ணன் சந்தேகந்தான கேட்டிருக்காரு, சாபம் விடலியே. பதில் போடு" என்றார். உங்கள் மருமகள் ஷீஜாவுக்கு ஆறு வயது. தூத்துக்குடியில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார் என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

தங்கை ஈவா


தூத்துக்குடி
19.8.2024

ஈவாவுக்கு,

ஜன்னல் நிற்கிறது. ஆனால் வேறு தொல்லை. நம்பர் எழுத ஒரு கட்டம், பக்கத்தில் 'தேடு' என்று பொத்தான், கீழே பதில். திறந்த உடனே, ஓர் எழுத்துக்கூடத் தட்டும் முன்பே, 'அப்படி ஒரு பெட்டி இல்லை' என்று வந்து நிற்கிறது. பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை.

எங்கள் ஆபீஸ் பேச்சிச்செல்வி எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, கேக்கதுக்கு முன்னாலயே இல்லங்குது, கேட்டா வாயத் தொறக்க மாட்டக்கு. ஒங்கள மாதிரியே பண்ணிவச்சிருக்கீய" என்றாள். ஆபீஸே சிரித்தது. மாதக் கடைசியில் மேனேஜருக்குக் காட்ட வேண்டும். பொத்தான் வரியை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஷீஜாவைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

தேவபிரசாதம்


ஓசூர்
24.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பொத்தான் வரியில் தேடு என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். f(x) மாதிரி சார்பு என்றாலே அடைப்புக்குறி போட்டுத் தீரவேண்டும் உங்கள் கணக்குக்காரர்களுக்கு. இங்கே அது வந்தால், இப்போதே செய் என்று அர்த்தம். கட்டம் காலியாக இருக்கும்போதே தேடிப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிடுகிறது. பொத்தானுக்கென்று ஒரு வேலையும் மிஞ்சவில்லை. பெயரை மட்டும் கொடுங்கள். யாராவது அழுத்தும்போது செய்யும்.

டிசம்பரில் நாசரேத்துக்கு, பெனிஸ்டன் வீட்டுக்கு வருகிறோம். தூத்துக்குடியில்தான் ரயில் இறங்கவேண்டும். இதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஈவா


தூத்துக்குடி
1.9.2024

அன்புள்ள ஈவா,

அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன். மேனேஜர் ஒரு நம்பரைத் தட்டி, அழுத்தி, பதிலைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு சார்" என்றான். என்னைச் சார் என்றது இதுதான் முதல் தடவை. பேச்சிச்செல்வி அடுத்தடுத்து இருபது பெட்டிகளைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

எனக்கு மனம் அதில் ஓடவில்லை. அன்றைக்கு நீ பெனிஸ்டனைப் பற்றிச் சொல்ல வந்து அடுக்களை வாசலில் நின்றாய். நீ வாய் திறக்கும் முன்பே முடியாது என்றேன். அதன்பிறகு நீ எத்தனை முறை கூப்பிட்டாய். நான் ஒருமுறையும் எடுக்கவில்லை. எனக்கு வரவேண்டிய வாத்தியார் வேலையை, ஸ்கூல் கரஸ்பாண்டென்டாக இருந்த உன் மாமனார் தன் அக்கா மகனுக்குக் கொடுத்தார். அதை நான் மன்னிக்கவில்லை. இனியும் மன்னிப்பேன் என்று தோன்றவில்லை. அதற்கு நீ என்ன செய்வாய்? பெனிஸ்டன்தான் என்ன செய்வார்?

கேட்கத் தைரியம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கேள். இந்த முறை நீ கேட்டு முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். மூன்று பேர் படுக்க வீட்டில் இடம் இருக்கிறது, மாடி அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். பார், கேட்கும் முன்பே மறுபடியும் பதில் சொல்லிவிட்டேன். போகட்டும்.

கீழே பெயர் எழுதப் போனேன். உன் கல்யாண ஓலையை நிறுத்தியதும் இதே கையொப்பம்தான். முதல் இரண்டு கடிதங்களில் கூசாமல் போட்டேன், இன்றைக்கு முடியவில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். கையொப்பம் இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.