உங்கள் பக்கத்து வெயில்

என் பின்வீட்டு பிலோமினா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பதினோரு வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தோம். அதில் கடைசி ஆறு வருடம் உங்களை நான் அப்படிக் கூப்பிடவில்லை. நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி, உங்கள் வீட்டுக்காரர் சூசை அண்ணன் என்னிடமே வந்து கேட்கிறார். எந்த முகத்தோடு எழுதுவது, சொல்லுங்கள்?

படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். நம்முடையது தேயிலைத் தோட்டத்து இரட்டை லயம், முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டு வரிசை. சுவருக்கு இந்தப் பக்கம் என் ஒற்றை அறைக் காம்பரா, அந்தப் பக்கம் உங்களுடையது, மேலே இரண்டுக்கும் ஒரே தகரக் கூரை. சம்பளப் போராட்டம் நடந்தபோது என் சங்கம் வேலைக்குப் போகாதே என்றது, உங்கள் சங்கம் போ என்றது. காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கூடையோடு நின்ற உங்களைப் பார்த்து, தோட்டமே கேட்கும்படி "கருங்காலி" என்று கத்தினேன். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அந்தக் கத்தலுக்காகத்தான் எனக்குச் சங்கத்தில் மாதர் தலைவிப் பதவி கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து என் மகள் சுகந்தி குப்பி லாம்பைத் தட்டிவிட்டாள். மண்ணெண்ணெய் கொட்டி, இடது கை முழங்கை வரை வெந்துபோனது. பிற்பகல் மூன்று மணிதான். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னலில்லாத எங்கள் காம்பராவுக்கு அந்நேரமே விளக்கு வேண்டும். பிள்ளை அலறிய சத்தம் கேட்டு லயத்தைச் சுற்றி ஓடி வந்தீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். என்ன மனுஷி நான்?

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்த பிறகு, இனி என் வீட்டில் குப்பி லாம்பு எரியக்கூடாது என்று முடிவெடுத்தேன். கரண்டுக் கம்பி எங்கள் டிவிஷனுக்கு வரப்போகிறது என்பது அப்போதே பழைய கதை. அதனால் சோலார் பலகை பூட்டித் தருகிறவர்களிடம் எழுதிக் கொடுத்தேன். கூரையில் கை வைக்கத் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி அனுமதிக் கடிதமும் வாங்கினேன்.

அவர்கள் வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. வயரும் பேட்டரியும் ஏற்றிய வேனை ராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றி, யாருக்கு, எதற்கு, எந்தத் தோட்டம் என்று கேட்டதிலேயே அரை நாள் போயிருந்தது. இருட்டுவதற்குள் சாவடியைத் திரும்பத் தாண்ட வேண்டும் என்ற பயம் பூட்ட வந்தவருக்கு. ஏணியில் ஏறி என் கூரையைப் பார்த்தார். எதிரே மலையையும் அதில் வரிசையாக நின்ற யூகலிப்டஸ் மரங்களையும் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"இந்தப் பக்கம் வெயிலே விழாதுங்க. அந்தப் பக்கக் கூரைன்னா ஜோரா இருக்கும். அந்த வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. இல்லாட்டி சாமானத் திருப்பிக் கொண்டுபோயிருவோம்" என்றார்.

ஒரு வார்த்தையாம்! சுகந்தி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, தழும்பு இறுகிப்போன விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தும் என் கால் நகரவில்லை, அக்கா.

சுவர் வழியே உங்களுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நீங்களே சுற்றிக்கொண்டு வந்தீர்கள். என் பக்கம் திரும்பாமல் அவரிடம், "ஏணிய இங்கிட்டுக் கொண்டாங்க. கொஞ்சம் பொறுங்க, கொடிய எடுத்துர்றேன்" என்றீர்கள். உங்கள் கூரை நிறையப் பூசணிக்கொடி, பிஞ்சும் விட்டிருந்தது. முழுவதையும் இழுத்துக் கீழே போட்டீர்கள். நான் நன்றி சொன்னேனா? இல்லை. ஏணியின் ஒரு முனையைத் தூக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

முதல்முதலாக விளக்கு எரிந்தபோது சுகந்தி கிட்டேயே போகவில்லை. தூர நின்று, "அம்மா, இதுல கை பட்டாலும் சுடாதாம்மா?" என்று கேட்டாள். அதுவும் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

அந்த வாரமே உங்கள் சங்கத் தலைவர் வந்தார். சுவரில் காதை வைத்து ஒட்டுக் கேட்டேன், மறைக்க மாட்டேன்.

"எதிர்ச் சங்கத்துக்காரி பலகைய நம்ம கூரையில ஏத்துனா மத்தவங்க என்னா நெனப்பாங்க?"

"சந்தாவ ஒங்களுக்குத்தான் குடுக்குறேன் தலைவரே. வெயிலு எந்தச் சங்கம்னு கேட்டுச் சொல்லுங்க, அப்பறம் எறக்கிர்றேன்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இப்படிப் பேசத் தெரிந்தவர், அன்று பெரட்டில் எனக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை? இனி யாரிடம் கேட்பேன்?

உங்கள் பக்கமும் ஒரு பல்ப் இழுத்துத் தருவதாகச் சுகந்தியிடம் சொல்லி அனுப்பினேன். நானே வராமல் பிள்ளையை அனுப்பினேன் பாருங்கள், அவ்வளவு திமிர். "கூரைக்கு வாடக வாங்குற ஆளு நானில்லன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்று திருப்பி அனுப்பினீர்கள். உங்களுக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

மூன்றரை வருடம் விளக்கு ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. நல்ல சாமான் என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். போன மாதம் நீங்கள் நெஞ்சு வலி என்று படுத்து எழுந்திருக்காமல் போனீர்கள். மூன்று வாரத்தில் என் வீட்டு விளக்கு மங்கத் தொடங்கியது. மழை மூட்டமும் இல்லை, நல்ல வெயில்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு, சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக உங்கள் பக்கம் வந்து ஏறிப் பார்த்தால், பலகை முழுக்கக் கரி.

கீழே நின்ற சூசை அண்ணன்தான் சொன்னார். "எங்க அடுப்புப் பொக படியும், தங்கச்சி. தெனம் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி, ஈரத் துணியக் கம்புல கட்டித் தொடைச்சிட்டுத்தான் போவா. சுட்டுக்கிட்ட புள்ள இருக்கிற வீடு, வெளக்கு நிக்கக்கூடாதும்பா. ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டா."

ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் உங்களைப் பார்த்தும் பாராதது போலப் போன ஒவ்வொரு காலையிலும், நீங்கள் என் பிள்ளைக்கு வெளிச்சம் துடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த மனுஷர்களில் உங்களைப் போலப் பெரிய மனசு யாருக்கும் இல்லை, அக்கா. அதை உயிரோடு இருந்தபோது சொல்லாமல் போனேனே.

இப்போது நான்தான் துடைக்கிறேன். சுவரில் ஓட்டை போட்டு உங்கள் காம்பராவுக்கும் ஒரு பல்ப் இழுத்தாயிற்று. சூசை அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கொண்டுபோகிற கறிக்கு உப்புப் போதாது என்று மட்டும் தினம் சொல்கிறார்.

இதெல்லாம் பெரிய காரியமா? உங்களுக்கு நான் தருகிற வாக்கு வேறு. இந்த மலர் யார் கைக்கும் போகுமுன், நாளைக் காலை பெரட்டில் எல்லோரும் நிற்கும்போது முன்னால் போய் நிற்பேன். பிலோமினா அக்காவை நான் சொன்ன வார்த்தை தப்பு, என்னை மன்னியுங்கள் என்று, அன்று கத்திய அதே சத்தத்தில் சொல்வேன். பதவியைப் பறிப்பார்கள், பறிக்கட்டும். சுகந்தியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் அம்மா சொல்வதை அவளும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
ராஜேஸ்வரி